தானியத்துக்குப் பின் தானியம்: பயிர் சுழற்சியில் எதை, எந்த இடத்தில் சேர்ப்பது?

வரப்போரம் கேட்டது:

வணக்கம். குளிர்பருவத்தில் கோதுமையும் பார்லியும் மாறி மாறியும், பாசன நீர் போதுமான ஆண்டுகளில் கோடையில் மக்காச்சோளமும் என்று நெடுங்காலமாகத் தானியத்துக்குப் பின் தானியமே பயிராகும் நிலத்தைப் பற்றியது என் கேள்வி. விளைச்சல் ஒரேயடியாகச் சரிந்துவிடவில்லை. ஆனால் அதே விளைச்சலைத் தக்கவைக்கத் தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. முன்பு ஒருமுறை களைக்கொல்லி தெளித்தாலே அடங்கிய புல்வகைக் களைகள் இப்போது இருமுறை தெளித்த பின்னும் கதிர் விடுகின்றன. கோதுமையில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் கதிர்கள் பால் பிடிக்கும் முன்பே வெளுத்துவிடுகின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கிறது.

பயிர் சுழற்சியைப் பல்வகைப்படுத்த வேண்டும் என்ற அறிவுரையை எங்கும் காண்கிறேன். எந்தப் பயிரை, எந்த வரிசையில், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்குத்தான் தெளிவான விளக்கம் கிடைக்கவில்லை. பயறு வகை ஒன்றை இடையில் நுழைத்தால் போதுமா, அல்லது தானியம் விளையும் ஆண்டுகளையே குறைக்க வேண்டுமா? குறைத்தால் மொத்த உற்பத்தியும் வருமானமும் குறையாதா? கோதுமைக்கு அடுத்து பார்லி விதைப்பதே சுழற்சிதான் என்று சிலர் சொல்கிறார்கள்; அது சரிதானா? நீண்ட கால ஆய்வுகளை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மண்வாசகர் எழுதியது:

வணக்கம் நண்பரே. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கான விடையும் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

தாங்கள் விவரிக்கும் அறிகுறி, டேக்-ஆல் எனப்படும் வேரழுகல் நோயை ஒத்திருக்கிறது. உறுதிப்படுத்திக்கொள்ள, வெளுத்த கதிருள்ள செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை நீரில் அலசி, தூரின் அடியில் உள்ள இலையுறையை உரித்துப் பாருங்கள். தண்டின் அடிப்பகுதி பளபளப்பான கருநிறமாகவும், வேரின் நடுநரம்பு வரை கறுத்தும் இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்த நோயை உண்டாக்கும் பூசணம் கோதுமை, பார்லி இரண்டின் வேரையும் தாக்குவது. அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சும் தூரிலும் வேரிலும் தங்கியிருந்து அடுத்த பயிருக்குத் தொற்றுவது. ஆகவே கோதுமைக்குப் பின் பார்லி என்பது, இந்தப் பூசணத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால், எந்த மாற்றமும் அன்று. குளிர்பருவத் தானியங்களில் ஓட்ஸ் ஒருவகையில் விலக்கு. அதன் வேரில் அவெனசின் என்ற தற்காப்பு வேதிப்பொருள் இருப்பதால், கோதுமையைத் தாக்கும் பூசண வகை அதில் எளிதில் நிலைகொள்ள முடிவதில்லை. ஓட்ஸைத் தாக்கும் வகை வேறாக உண்டு.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் உள்ள பிராட்பாக் வயலில் 1843 முதல் கோதுமை ஆய்வு நடந்துவருகிறது. 1968இல் அந்த வயலின் சில பகுதிகளைப் பயிர் சுழற்சிக்கு மாற்றினார்கள். மற்றவற்றில் தொடர் கோதுமையே நீடித்தது. அன்று முதல், ஒரே உரமும் ஒரே ரகமும் இட்டாலும், மாற்றுப் பயிருக்குப் பின் வரும் முதல் கோதுமை தொடர் கோதுமையைவிடத் தெளிவாக அதிகம் விளைவதைக் காண முடிகிறது. அதற்கு முதன்மையான காரணமாகச் சொல்லப்படுவது இதே வேர்நோய்தான். உரத்தைக் கூட்டினால் ஒரு பகுதி இழப்பை மறைக்கலாம். அழுகிய வேரால் எடுத்துக்கொள்ள முடியாத சத்து மண்ணில் வழிந்தும் காற்றில் கலந்தும் வீணாகும். தங்கள் உரத் தேவை ஆண்டுதோறும் ஏறுவதற்கு மண்ணின் வறுமை மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை.

இன்னொரு செய்தியும் இங்கே முக்கியம். தொடர்ந்து கோதுமையே விதைத்தால் இந்த நோய் இரண்டாவது முதல் நான்காவது பயிர் வரை உச்சத்துக்குச் சென்று, பிறகு தானாகவே ஓரளவு தணியும். அந்தப் பூசணத்தை எதிர்க்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் வேர்ப்பகுதியில் பெருகுவதே அதற்குக் காரணம். ஆயினும் விளைச்சல் முதல் கோதுமையின் அளவுக்குத் திரும்புவதில்லை. இடையில் மாற்றுப் பயிர் வந்தால் அந்த இயற்கைத் தணிப்பும் கலைந்துவிடும். ஆகையால் ஒரே ஓர் ஆண்டு பயறு விதைத்துவிட்டு அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் கோதுமையும் பார்லியும் விதைப்பது, நோயைப் பொறுத்தவரை மிக மோசமான வரிசையாக அமையக்கூடும். மாற்றுப் பயிருக்குப் பின் ஒரு கோதுமை, அதன் பின் மீண்டும் வேறு குடும்பத்துப் பயிர் அல்லது குறைந்தபட்சம் ஓட்ஸ் என்று அமைப்பதே பொருத்தம். தானாக முளைக்கும் கோதுமையையும் புல்வகைக் களைகளையும் அந்த மாற்று ஆண்டில் விட்டுவைத்தால் பூசணம் அவற்றின் வேரில் தங்கிவிடும் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு பயன் என்று கேட்டால், 900க்கும் மேற்பட்ட வயல் ஒப்பீடுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஒரு மீளாய்வு நல்ல அளவுகோலைத் தருகிறது. கோதுமைக்குப் பின் வந்த கோதுமையோடு ஒப்பிட, ஓட்ஸுக்குப் பின் வந்த கோதுமை ஹெக்டேருக்குச் சராசரியாக 0.5 டன்னும், பயறு வகைகளுக்குப் பின் வந்தது 1.2 டன்னும் கூடுதலாக விளைந்தன. கடுகு குடும்பத்து எண்ணெய்வித்துகள் இவ்விரண்டுக்கும் இடையில் நின்றன. ஓட்ஸ் தழைச்சத்தைச் சேர்ப்பதில்லை. அப்படியிருந்தும் அரை டன் கிடைக்கிறது என்றால், அது பெரும்பாலும் நோய் முறிந்ததன் பயன் என்றே கொள்ள வேண்டும். எந்தச் சிக்கலை முறிக்க விரும்புகிறோம் என்று முதலில் பெயர் சொல்லிவிட்டு, பிறகு பயிரைத் தேர்ந்தெடுங்கள். தங்கள் நிலத்தில் வேர்நோயும் புல்வகைக் களையும் முதலிடத்திலும் தழைச்சத்து அதற்கு அடுத்தும் நிற்பதாக எனக்குப் படுகிறது.

பொழிநிலம் எழுதியது:

மேலே உள்ள பதிலோடு முழுதும் உடன்படுகிறேன். மொத்த உற்பத்தியும் வருமானமும் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்ல விரும்புகிறேன்.

ஒரு போகத்தின் கணக்கைத் தனியாக எடுத்தால் பயறு வகை பெரும்பாலும் தானியத்திடம் தோற்கும். ஹெக்டேருக்கு விளையும் எடை குறைவு, விலையும் நிலையில்லாதது. ஆனால் அந்தப் பயறு அடுத்த தானியத்துக்குத் தரும் கூடுதல் விளைச்சலும், மிச்சமாகும் உரமும், தவிர்க்கப்படும் தெளிப்பும் அடுத்த ஆண்டின் பெயரில் எழுதப்படுவதால், பயறு நட்டம் என்றும் அதன் பின் வந்த கோதுமை நல்ல லாபம் என்றும் கணக்கு காட்டும். ஆகவே சுழற்சி முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, மொத்த வருவாயிலிருந்து மொத்தச் செலவைக் கழித்து, அதை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மார்ஸ்டன் பண்ணை ஆய்வு இதற்கு நல்ல சான்று. மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் மாறிவரும் இரண்டாண்டுச் சுழற்சியை, ஓட்ஸும் சிவப்புக் கிளோவர் என்ற தீவனப் பயிரும் சேர்ந்த மூன்றாண்டுச் சுழற்சியோடும், குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் சேர்ந்த நான்காண்டுச் சுழற்சியோடும் அங்கே ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான முடிவுகளின்படி, நீண்ட சுழற்சிகளில் செயற்கைத் தழைச்சத்தும் களைக்கொல்லியும் பெருமளவு குறைந்த பிறகும் மக்காச்சோளம், சோயா விளைச்சல் குறையவில்லை, சற்றே கூடியது. லாபமும் ஈடாக நின்றது. ஆனால் இரண்டு செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீண்ட சுழற்சிகளில் மாட்டெருவும் இட்டார்கள். மனித உழைப்பும் கூடுதலாகத் தேவைப்பட்டது. கால்நடையோ தீவனத்துக்கு வாங்குபவரோ இல்லாத இடத்தில் குதிரைமசாலைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல் என்பது என் கருத்து.

தங்கள் நிலத்துக்கு இன்னும் நெருக்கமானது வட சீனச் சமவெளி ஆய்வு. ஆண்டுக்கு ஒரு கோதுமை, ஒரு மக்காச்சோளம் என்ற இறுக்கமான முறைக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நிலக்கடலை, சோயா ஆகியவற்றை நுழைத்து ஆறு ஆண்டுகள் நடத்தப்பட்டது. முடிவுகள் 2024இல் வெளிவந்தன. சமான விளைச்சல் 38 சதவீதம் வரை உயர்ந்தது. பசுங்குடில் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடின் வெளியேற்றம் 39 சதவீதம் குறைந்தது. பயறு வகை சேர்ந்த சுழற்சிகளில் மண்ணின் கரிமமும் நுண்ணுயிர்ச் செயல்பாடும் கூடின. சமான விளைச்சல் என்பது பொதுவாக மாற்றுப் பயிரின் விளைச்சலை விலையின் துணைகொண்டு தானிய அளவுக்கு மாற்றிக் கணக்கிடுவதாகும். எனவே மாற்றுப் பயிருக்கு நல்ல விலை கிடைக்காத இடத்தில் அந்த 38 சதவீதத்தை அப்படியே எதிர்பார்க்க இயலாது. தானிய விளைச்சல் எவ்வளவு கூடியது, மாற்றுப் பயிரின் விலை எவ்வளவு ஈடு செய்தது என்று பிரித்தே படிக்க வேண்டும்.

வறட்சி ஆண்டுகளைத் தனியாகக் கவனிப்பதும் நல்லது. வட அமெரிக்காவின் 11 நீண்ட கால ஆய்வு இடங்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் ஆய்வில், பல்வகைச் சுழற்சியில் மக்காச்சோளம் சராசரியாக 28 சதவீதம் அதிகம் விளைந்தது. நல்ல ஆண்டுகளில் விளைச்சல் கூடியதோடு, மழை பொய்த்த ஆண்டுகளில் இழப்பும் குறைந்தது. இடத்துக்கு இடம் வேறுபாடு மிகப் பெரிது என்றாலும், போக்கு பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. சராசரி விளைச்சலைவிட, மோசமான ஆண்டில் எவ்வளவு கிடைக்கிறது என்பதே விவசாயியின் கடனையும் நிம்மதியையும் தீர்மானிக்கிறது என்பதால், எனக்கு இந்த முடிவுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

நடவாளர் எழுதியது:

இரண்டு பதில்களும் பயனுள்ளவை. ஆயினும் பயறு வகை என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் இந்தத் திரியைப் படிப்பவர்களுக்கு ஏற்பட்டுவிடக் கூடாது.

முதலாவதாக, தழைச்சத்துக் கணக்கு. பயறு வகைகள் தரைக்கு மேல் உருவாக்கும் உலர்பொருளில் டன்னுக்குச் சுமார் 20 கிலோ தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடிக்கின்றன. ஆகவே செழித்து வளர்ந்த பயிர் நிறையப் பிடிக்கும், நலிந்த பயிர் மிகக் கொஞ்சமே பிடிக்கும். சோயா போன்ற பயிர்களில் பிடித்ததில் பெரும்பங்கு விதையோடு வெளியேறிவிடுவதால், மண்ணில் மிஞ்சுவது சில சமயம் ஒன்றுமில்லை என்ற நிலையும் வரும். மண்ணில் ஏற்கெனவே நைட்ரேட் மிகுந்திருந்தால் வேர்முடிச்சுகள் சோம்பிவிடும். செடி காற்றை விட்டுவிட்டு மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தங்களைப் போல உரத்தைக் கூட்டிக்கொண்டே வந்தவர்களின் நிலத்தில் இது நடக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பயறு இதுவரை விளையாத மண்ணில் வேர்முடிச்சில் வாழ்ந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவின் உரிய இனம் பெரும்பாலும் இருக்காது என்பதால் அதைக் கொண்டு விதைநேர்த்தி செய்வதும் தவிர்க்க முடியாதது. பூக்கும் பருவத்தில் சில செடிகளைத் தோண்டி, வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பச்சையாகவோ வெண்மையாகவோ இருந்தால் அடுத்த தானியத்துக்கு உரத்தைக் குறைக்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டும்.

இரண்டாவதாக, பயறு வகைகளுக்கும் சொந்த நோய்கள் உண்டு. பட்டாணியின் அஃபனோமைசிஸ் வேரழுகல் வந்த நிலத்தில் அதே பயிரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் விலக்கி வைக்கப் பரிந்துரைக்கிறார்கள். சோயா, சூரியகாந்தி, கடுகு குடும்பத்துக் கனோலா மூன்றையும் ஸ்கிளிரோடினியா என்ற பூசணம் தாக்கும் என்பதால், குடும்பம் வேறு என்று நம்பி அவற்றை அடுத்தடுத்து வைப்பதும் ஆபத்து. நூற்புழுக்களில், தானியங்களைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு புல்வகைச் செடிகளில் மட்டுமே பெருகுவதால் எந்தப் பயறும் அதைக் குறைக்கும். ஆனால் வேர்க்காய நூற்புழுவின் சில இனங்கள் கொண்டைக்கடலையிலும் நன்றாகப் பெருகி அடுத்த கோதுமையைக் கெடுக்கும். மண்ணில் எந்த நூற்புழு இருக்கிறது என்று சோதிக்காமல் கொண்டைக்கடலையைச் சேர்ப்பது சரியன்று.

மூன்றாவதாக, இரண்டே பயிர்களின் எளிய மாற்றத்தை இயற்கை கற்றுக்கொண்டுவிடும். மக்காச்சோள வேர்ப்புழுவின் தாய் வண்டு மக்காச்சோள வயலில்தான் முட்டையிடும் என்பதால், அடுத்த ஆண்டு சோயா விதைத்தால் புழு பட்டினியில் அழியும் என்பது நெடுநாள் உத்தி. 1990களின் நடுவில் அமெரிக்காவின் இல்லினாய், இந்தியானா பகுதிகளில் சோயா வயலிலேயே முட்டையிடும் வண்டுகள் பெருகிவிட்டன. வேறொரு வேர்ப்புழு இனமோ, முட்டை ஒரு குளிர்காலத்துக்குப் பதில் இரண்டு குளிர்காலம் உறங்கி, மக்காச்சோளம் திரும்பும் ஆண்டில் பொரிக்கப் பழகிக்கொண்டது. மூன்றாவது, நான்காவது பயிரைச் சேர்க்கச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது.

களைகளுக்கும் இதே வாதம் பொருந்தும். தங்கள் புல்வகைக் களைகள் கோதுமையோடு முளைத்து, கோதுமைக்கு முன் விதை உதிர்க்கப் பழகியவை. பயிரின் பெயரை மாற்றி, விதைக்கும் காலத்தை மாற்றாவிட்டால் அவற்றுக்கு எந்த இடையூறும் இல்லை. குளிர்பருவத்தில் நிலத்தைக் களை முளைக்கவிட்டு அழித்து, பின்பு கோடைப் பயிர் விதைக்கும் ஓர் ஆண்டு, மண்ணில் உள்ள களை விதை இருப்பைக் குறைப்பதில் குளிர்பருவப் பயறைவிடப் பயன் தரும். குளிர்பருவத்திலேயே பயறோ கடுகோ விதைப்பதன் நன்மை வேறு: அகன்ற இலைப் பயிரில் புல்லை மட்டும் கொல்லும் வேறு வகைக் களைக்கொல்லியைப் பயன்படுத்த முடியும். களை எந்த வகைக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்று முதலில் அறிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

வரப்போரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இலையுறையை உரித்துப் பார்த்தேன். மண்வாசகர் சொன்ன கருநிறம் தெளிவாகத் தெரிகிறது. இப்போது எனக்கு எஞ்சியிருப்பவை இரண்டு ஐயங்கள். முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்றும் துணிவு இல்லாதபோது எப்படித் தொடங்குவது? மேலும், இத்தனை காலம் தானியத்துக்கென்று தெளித்த சல்போனைல்யூரியா வகைக் களைக்கொல்லியும், மக்காச்சோளத்துக்குத் தெளித்த அட்ரசினும் மண்ணில் தங்கியிருந்து பயறு வகையைக் கெடுக்காதா?

மண்வாசகர் எழுதியது:

நிலத்தை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கை மட்டும் மாற்றுப் பயிருக்கு விடுங்கள். ஒவ்வொரு பங்கிலும் குளிர்பருவப் பயறு அல்லது கடுகு, அடுத்த ஆண்டு கோதுமை, அதற்கடுத்த ஆண்டு ஓட்ஸ் என்ற வரிசை சுழலும். நீர் இருக்கும் கோடையில் மக்காச்சோளத்துக்குப் பதிலாக 60 முதல் 70 நாளில் முடியும் பாசிப்பயறை ஓட்ஸ் ஆண்டுக்குப் பின் வைக்கலாம். மூன்றாண்டு முடிந்து மறுசுற்று வரும்போது பயறும் கடுகும் இடம் மாறினால், ஒவ்வொன்றும் ஒரே மண்ணுக்கு ஆறு ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்பும். நடவாளர் சுட்டிய நோய்களுக்குக் குறைந்தது அந்த இடைவெளியாவது வேண்டும். வேருக்குள் வாழ்ந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் வேர் உட்பூசணத்துக்குக் கடுகு குடும்பத்துப் பயிர்கள் இடம் கொடுப்பதில்லை என்பதால், அவற்றின் பின் உடனே மக்காச்சோளம் விதைத்தால் இளம்பருவத்தில் மணிச்சத்துக் குறைபாடு தோன்றக்கூடும். கோதுமை அதை ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

பயன் உண்மையில் கிடைக்கிறதா என்று தங்கள் நிலத்திலேயே அளந்துவிடுவது நல்லது. முதல் ஆண்டில் மாற்றுப் பயிர் வரும் பங்குக்குள் அறுவடை இயந்திரத்தின் அகலத்துக்கு இரண்டு மூன்று பட்டைகளில் பார்லியையே விதையுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பங்கு முழுவதிலும் கோதுமை விதைத்து, பட்டைகளுக்குக் குறுக்காக நான்கு அளவுகளில் தழைச்சத்து இடுங்கள்: ஒன்றில் எதுவும் இல்லாமல், ஒன்றில் வழக்கமான அளவில் பாதி, ஒன்றில் முக்கால், ஒன்றில் முழு அளவு. பார்லிக்குப் பின் வந்த கோதுமை முழு உரத்தில் தரும் விளைச்சலை, பயறுக்குப் பின் வந்த கோதுமை எந்த உர அளவில் எட்டுகிறது என்று பாருங்கள். அதுவே தங்கள் மண்ணுக்குரிய உர மிச்சம். முழு உரத்திலும் இரண்டுக்கும் இடையே வேறுபாடு நீடித்தால், அது தழைச்சத்தால் வந்ததன்று. பெரும்பாலும் நோய் முறிந்ததால் வந்தது. இந்த இரண்டையும் பிரித்தறிந்த பிறகு, பயறுக்குப் பதில் கடுகையோ ஓட்ஸையோ எவ்வளவு நம்பலாம் என்பதை எண்களோடு முடிவு செய்ய இயலும்.

நடவாளர் எழுதியது:

களைக்கொல்லி எச்சம் குறித்த அச்சம் நியாயமானது. சல்போனைல்யூரியா வகைகளில் பலவும், அட்ரசினும் காரத்தன்மை மிகுந்த மண்ணில் மெதுவாகவே சிதையும். வறண்ட ஆண்டுக்குப் பின் இன்னும் அதிகம் தங்கும். கொள்கலனின் மேலுள்ள சீட்டில் அடுத்த பயிருக்கான இடைவெளி மாதக் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு, தெளித்த நாளின் பதிவோடு ஒப்பிடுங்கள். இடைவெளி போதவில்லை என்றால் அந்த ஆண்டு ஓட்ஸை முன்னே கொண்டுவந்து பயறைப் பின்னுக்குத் தள்ளலாம். ஆனால் ஓட்ஸும் எல்லாக் களைக்கொல்லிக்கும் தாங்காது என்பதால் அதையும் சீட்டில் சரிபார்க்க வேண்டும்.

இடைவெளி முடிந்திருந்தாலும் விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு எளிய முளைப்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். வயலின் பல இடங்களிலிருந்து, குறிப்பாகத் தெளிப்பான் திரும்பும் ஓரங்களிலிருந்தும் மேட்டிலிருந்தும், மேல் 10 சென்டிமீட்டர் மண்ணைத் தனித்தனியாக எடுங்கள். களைக்கொல்லி படாத வேலியோரத்து மண்ணையும் ஒப்பீட்டுக்கு எடுங்கள். அடியில் துளையிட்ட தொட்டிகளில் நிரப்பி, விதைக்கப்போகும் அதே பயறில் ஒவ்வொன்றிலும் பத்து விதைகளை ஊன்றி, ஒரே அளவு நீர் ஊற்றி, நல்ல வெளிச்சத்தில் மூன்று வாரம் வளரவிடுங்கள். முளைத்ததா என்பதோடு நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் சல்போனைல்யூரியா எச்சம் முளைப்பைத் தடுக்காமல் வேரையே குட்டையாக்கும்; அட்ரசின் விதையிலைச் சத்து தீர்ந்த பிறகே இலை ஓரத்தைக் கருக்கும். செடிகளை அலசியெடுத்து, பக்கவேர்கள் வேலியோர மண்ணில் உள்ளதைப் போலவே கிளைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரங்களின் மண்ணில் மட்டும் குறை தெரிந்தால் அந்த ஓரங்களில் பார்லியை விதைத்துவிட்டு, மற்ற இடத்தில் பயறைத் தயங்காமல் விதைக்கலாம். மண்வாசகர் கேட்ட ஒப்பீட்டுப் பட்டைகளாகவும் அவையே பயன்படட்டும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், வயல் ஓரத்து விளைச்சல் நடுவயலுக்கு ஒருபோதும் ஈடாகாது.